சாவி யார் கையில்?



ஏலச்சீட்டையும் தங்கத்தையும் நம்பிச் சேமித்த சேலம், நாமக்கல் குடும்பங்களில் இன்று பிள்ளைகளின் கைப்பேசியில் கிரிப்டோ நாணயமும் இடம்பெறுகிறது. உங்கள் வீட்டிலும் அது இருக்குமானால் ஒன்றைக் கேளுங்கள்: அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

இந்நாணயத்தை அசைப்பது ஓர் இரகசிய எண். பரிமாற்றத் தளத்தில் விட்டுவைத்தால் அந்த எண் தளத்தாரிடம் இருக்கும். நம்மிடம் இருப்பது அவர்கள் கணக்கேட்டில் நம் பெயர் மட்டுமே. சாவியை நாமே வைத்திருந்தாலும், விதிகள் நம் ஒருவர் கையில் இல்லை. 2016-இல் களவாடப்பட்ட ஏறத்தாழ 36 லட்சம் ஈதரை மீட்க, எதீரியம் வலைப்பின்னலில் பெரும்பான்மையோர் விதியையே மாற்றினர். உடன்படாதோர் எதீரியம் கிளாசிக் என்று பிரிந்து நின்றனர்.

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் தளத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. களவுபோகாத நாணயங்களை வைத்திருந்தோரும் நட்டத்தில் பங்கேற்க வேண்டும் என்றது தளம். அப்படி எக்ஸ்ஆர்பி வைத்திருந்த ஒரு பெண்மணி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ தொட்டறியும் பொருளும் அன்று, செலாவணியும் அன்று. ஆயினும் உடைமையாகக் கொள்ளவும் பிறருக்காகப் பொறுப்பில் வைக்கவும் தக்க சொத்தே என்று கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார்.

ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது கிறிஸ்துவின் பிரமாணம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். ஆம். ஆனால் அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். எல்லாம் பொதுவாயிருந்த அந்தச் சபையிலும், அனனியாவின் நிலமும் அதன் கிரயமும் அவன் வசத்திலேயே இருந்ததைப் பேதுரு மறுக்கவில்லை. மனமுவந்து சுமப்பது அன்பு. கேளாமல் பிறர் தோளில் ஏற்றுவது அன்பாகாது.

உக்கிராணக்காரனிடம் உண்மை தேடப்படுகிறது. பரிமாற்றத் தளத்தாருக்கு மட்டுமா அது பொருந்தும்? சபையின் காணிக்கை, பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் சேமிப்பு, விதவையான சகோதரியின் வைப்புப் பணம் ஆகியவற்றின் சாவி நம்மில் சிலர் கையில் இருக்கிறது. உடையவரைக் கேளாமல் அவற்றின் விதியை மாற்றாதிருப்போமாக.

நம் உடைமையும் ஜீவனும் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டவையே. கணக்குக் கேட்கும் நாளில் உண்மையுள்ளவர்களாய்க் காணப்பட கர்த்தர்தாமே கிருபை செய்வாராக. ஆமென்.