ஐப்பசிக் காலையில் ஓர் ஓட்டம்

தமிழர் வகுத்த பருவங்கள் ஆறு. அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். நம் ஊர்ப்புறங்களில் அந்நாள்களில் வடகிழக்குப் பருவமழை அடைமழையாகப் பெய்யும். குடையின்றி வாசற்படி தாண்ட இயலாது. தலைநகர் தில்லியிலோ, அதே ஐப்பசியில் வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல் மாசற்று விளங்கும். வடநாட்டார் இதனைச் சரத் ருது என்பர். ஆங்கில நூல்களைப் பின்பற்றி 'இலையுதிர் காலம்' என்று நாம் பெயரிட்டாலும், அப்பெயர் இந்நகருக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. இங்குள்ள வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனித் திங்கள்களில்தான். ஐப்பசி விடியலில் மண்ணில் உதிர்ந்து கிடப்பவை பவழமல்லிப் பூக்களே. அப்பூக்களை மிதிக்காமல் ஒதுங்கி ஓடுவதில் உள்ள இன்பத்தைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

ஓட்டம் என்றதும் அன்பர்கள் நகைக்கக்கூடும். மைய அரசு எழுத்தர் ஒருவர் வாழ்நாளில் ஓடுவது இரண்டே காரணங்களுக்காக: ஒன்று, பேருந்தைப் பிடிக்க, மற்றொன்று, வருகைப் பதிவுக் கருவியில் உரிய நேரத்தில் விரலை வைக்க. நாமும் நாற்பத்து மூன்று வயது வரை அவ்வாறே இருந்தோம். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று மருத்துவர் எச்சரித்த பிறகே காலை நடை தொடங்கிற்று. கோடையில் நடந்தோம், மழைக்காலத்துப் புழுக்கத்திலும் நடந்தோம். புரட்டாசி இறுதியில் ஒருநாள், குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும், கால்கள் நம்மைக் கேளாமலே ஓடத் தொடங்கின. மருந்தாகத் தொடங்கியது அன்றே விருந்தாகிவிட்டது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் அவ்வெப்பம் தணியும். ஆகஸ்டு மாதத்து ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் உடலில் வழிந்துகொண்டே இருக்கும். செப்டம்பர் இறுதியில் தென்மேற்குப் பருவமழை விடைபெற்றதும் காற்று உலர்கிறது, இரவுகள் குளிர்கின்றன. ஒரு கிலோமீட்டருக்கே இளைத்த உடல், அப்போது மூன்று கிலோமீட்டரைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறது. நவராத்திரியில் வீடு வீடாகக் கொலு பார்த்து உண்ட சுண்டலும் செரித்துப்போகிறது என்பது கூடுதல் ஆதாயம்!

நாம் ஓடும் இடம் லோதி தோட்டம். 1936-ஆம் ஆண்டில் பூங்காவாக அமைக்கப்பெற்ற அவ்விடத்தில் சையது மரபினரின் கல்லறையும் லோதி மரபினரின் கல்லறையும் உள்ளன. 1517-இல் மறைந்த சிக்கந்தர் லோதி அங்கேதான் துயில்கிறார். ஐந்நூறு ஆண்டுகளாக அசையாது படுத்திருக்கும் மன்னரைச் சுற்றி, நாள் முழுதும் அசையாது அமர்ந்திருக்கும் எழுத்தர் ஓடுவது சற்று வேடிக்கையான காட்சிதான். ஆயினும், அந்த அரைமணி நேரத்தில் நம் மேசையில் கோப்பு இல்லை, குறிப்பு எழுதவேண்டியதில்லை, மேலதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவேண்டியதும் இல்லை. எவ்வளவு விரைவாகச் செல்வது, எங்கே நிற்பது என்பன நம் முடிவுக்கே விடப்பட்டுள்ளன. இத்தகைய உரிமையை அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக நாம் கண்டதில்லை.

இந்நகரில் ஐப்பசியின் வருகையை முதலில் அறிவிப்பது ஏழிலைப்பாலை மரமே. தெருவெங்கும் அதன் கொத்துப்பூக்கள் மலர்ந்து, இரவெல்லாம் கனத்த மணம் பரப்பும். பன்னிரண்டு வயதான நம் மகள் சில நாள்களில் உடன் ஓடிவருவாள். திருப்பத்தில் முந்திச் சென்று, "அப்பா, மெதுவா வாங்க, நான் நிக்கிறேன்" என்பாள். இங்கேயே பிறந்து வளர்ந்த அவளுக்கு ஐப்பசி என்றால் அடைமழை நினைவுக்கு வாராது. இந்த மணமும் இளங்குளிருமே நினைவுக்கு வரும். நாம் விட்டுவந்த ஐப்பசியை அவளுக்குத் தர இயலவில்லை. இந்த ஐப்பசியையேனும் அவளுக்கு முழுமையாகத் தரவேண்டும் என்பதே நம் அவா.

அதற்கும் இடையூறு வந்துவிட்டது. பஞ்சாப், அரியானா வயல்களில் நெல்லறுவடை முடிந்ததும், கோதுமை விதைக்கக் கிடைக்கும் நாள்கள் மிகக் குறைவு. ஆதலால் வைக்கோல் தாள்களை வயலிலேயே எரிக்கின்றனர். நிலத்தடி நீரைக் காக்க, நடவைத் தள்ளிப்போடும் சட்டம் பஞ்சாபில் 2009-இல் வந்தபின், அறுவடையும் பின்தள்ளி, காற்று ஓய்ந்து நிற்கும் நாள்களை நெருங்கிவிட்டது. அப்புகையோடு நகரத்து வண்டிகளின் புகையும் பட்டாசுப் புகையும் சேர்ந்து, குளிர்ந்த காற்றின் அடியில் தங்கிவிடுகின்றன. 2005-இல் தொடங்கிய தில்லி அரை மராத்தான் ஓட்டம் முன்பு நவம்பரிலும் நடந்ததுண்டு; 2017-இல் அதனை ஒத்திவைக்குமாறு மருத்துவர் சங்கமே வேண்டியது. 2022 முதல் அக்டோபரிலேயே நடைபெறுகிறது. சென்ற கார்த்திகையில் நம் மகளுக்கு மூச்சிரைப்பு வந்து, மருத்துவர் மூன்று வாரம் வெளியே ஓடக்கூடாது என்று தடை விதித்தார். சன்னலருகே நின்று அவள் தெருவைப் பார்த்திருந்ததை மறக்க இயலவில்லை.

ஆகவே தலைநகர்த் தமிழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழை விடைபெறுவதற்கும் புகை குடியேறுவதற்கும் இடையே எஞ்சியிருப்பவை ஏறத்தாழ முப்பது காலைகள். அவற்றைப் போர்வைக்குள் கழித்துவிடவேண்டா. விரைவு தேவையில்லை, வயது தடையில்லை, ஒரு சோடிக் காலணி போதும். பிள்ளைகளையும் எழுப்பி அழைத்துச் செல்லுங்கள். அந்த முப்பது நாள்களின் சுவையை உணர்ந்த தலைமுறைதான், அவை இருபதாகக் குறையாமல் காக்கவும் முன்வரும்.