அடிவானத்துப் புள்ளி

கல்முனையிலே எமது வீட்டு விறாந்தைச் சுவரில் ஒரு படம் தொங்குகின்றது. நாலடி அகலமுள்ள துணியில் தைலவர்ணத்தால் தீட்டியது. கொந்தளிக்கும் கடலில் ஒரு மரத்தெப்பம். அதன்மேல் பிணங்களும், பிணம்போற் கிடப்போரும். உச்சியில் நின்று துணியை வீசி யாரையோ அழைக்கின்றான் ஒருவன். காண்போர் பலர் சுனாமிப் படமென்றே எண்ணுகின்றனர். அன்று. தியோடோர் ஜெரிக்கோ என்னும் பிரெஞ்சு ஓவியர் 1819ஆம் ஆண்டிலே பாரிஸ் கண்காட்சியில் வைத்த பேரோவியத்தின் கைப்பிரதி இது.

தீட்டியவர் எம்மோடு கற்பிக்கும் சித்திர ஆசிரியர். மருதமுனை நெசவாளர் குடும்பத்தவர். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஞாயிறு காலையிற் கடல் அவருடைய தம்பியைக் கொண்டுபோயிற்று. இலங்கையில் அன்று மிகுதியான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டமே. ஆகையால் இஃது இங்கே புதுக்கதை அன்று. அடுத்த ஆண்டு ஒரு புத்தகத்திலே இவ்வோவியத்தின் அச்சுப்படத்தைக் கண்ட நண்பர், அதனைப் பிரதி செய்யத் தொடங்கினார். தொழுகின்ற வீட்டில் உருவப்படம் வேண்டாமென்றார் அவர் தாயார். “உங்கட ஊட்டுல வெச்சுக் கீறட்டும் மகன்” என்று எம்மிடம் அவரே சொல்லிவிட்டார். அன்றுமுதல் எட்டு மாதம் எமது விறாந்தையில் டர்பன்டைன் நெடிதான்.

அக்காலப் பிரெஞ்சுக் கலைக்கழகத்தார் சரித்திர ஓவியத்தையே தலையாயதாகக் கொண்டவர்கள். பெருந்துணிகள் மன்னர்க்கும் போர்க்களத்துக்கும் வேதக்கதைகளுக்கும் உரியவை. ஜெரிக்கோவோ பதினாறடி உயரமும் இருபத்துமூன்றடி அகலமுமான இடத்தைக் கைவிடப்பட்ட கப்பற் பயணிகளுக்குக் கொடுத்துவிட்டார். 1816 யூலையில் ‘மெடூசா’ என்னும் கப்பல் மேற்காபிரிக்கக் கரையோரம் மணற்றிட்டில் ஏறியது. இருபதாண்டளவு கப்பலோட்டாத ஒருவர், அரச செல்வாக்கினால் அதன் தலைவராயிருந்தார். (இதைப்பற்றி மேலும் எழுதின் அரசியலாகிவிடும்.) படகுகள் போதாமையால் ஏறத்தாழ 147 பேரைத் தெப்பத்தில் ஏற்றினர், பின்னர் இழுவைக்கயிற்றையும் விட்டுவிட்டனர். பதின்மூன்று நாட்களின்பின் எஞ்சியவர் 15 பேர்.

கைப்பிரதியென்றால் இழிவாகக் கருதுவோர் உளர். ஜெரிக்கோ கையாண்ட தார்போன்ற ஒரு வர்ணம் நாளடைவிற் கறுத்து வெடித்து மூலத்தையே கெடுத்து வருகின்றது. 1859, 1860ஆம் ஆண்டுகளிற் கியெமே, ரொன்ஜா என்னும் இருவர் அதே அளவிற் செய்த பிரதி ஆமியான் நகர நூதனசாலையில் இருக்கின்றது. எம் நண்பருக்கும் அவர்களுக்கும் தொழிலிலே பேதமில்லை. ஒவ்வொரு விரலையும் கண்கொண்டு அளந்து, கைகொண்டு மீட்பதுதான் வேலை. இறந்த இளைஞனை மடியிற் கிடத்தி, கப்பலைப் பாராமல் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் இடப்புறத்தில் உண்டு. அவரிடம் மட்டும் நண்பருக்கு இரண்டு மாதம் சென்றது. ஒருநாள் தாயாரும் வந்தார். முதியவரை நெடுநேரம் பார்த்தார். தேநீரைக் குடியாமலே எழுந்து போனார்.

படம் முடிந்ததென்று நண்பர் தூரிகையைக் கழுவிய மாலையிலேதான் குறையைக் கண்டோம். மூலத்தில், தொலைவிலே அடிவானத்தின்மேல் ஒரு கப்பல் சிறுபுள்ளியாகத் தெரியும். தெப்பத்தவர் அழைப்பது அதனைத்தான். இதில் அப்புள்ளி இல்லை.

பிரதியென்றால் உள்ளதை உள்ளபடி செய்யவேண்டாமோ, கப்பலின்றேல் இவர்கள் யாரை அழைக்கின்றனர் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம்.

“சேர், அண்டைக்கு எங்களுக்குக் கப்பல் வரல்ல” என்றார்.

அதன்பின் நாம் அதைப்பற்றிப் பேசவில்லை. பல ஆண்டுகள் கழிந்து, தப்பியோர் எழுதியதை அறிந்தோம். முதலிற் கண்ட அக்கப்பல் அவர்களைக் காணாமலே மறைந்துவிட்டதாம். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின்னரே திரும்பி வந்ததாம். தீபாவளிக்கு வந்த நண்பரிடம் இதைக் கூறினோம். அவர் படத்தருகே சென்று வானத்தையே பார்த்து நின்றார்.

“அந்த ரெண்டு மணித்தியாலத்தைத்தான் சேர் நான் கீறியிருக்கன்” என்றார். பிறகு பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு, வழக்கம்போற் படத்துக்கு முதுகு காட்டி அமர்ந்தார்.