ஹவானாவில் ஒரு நட்டைக் கழற்றினால்...

கியூபாவின் தலைநகரம் ஹவானாவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் முதல் நாளே எடுத்துவிடும் புகைப்படம் ஒன்று உண்டு. பார்க்கே சென்ட்ரல் பூங்காவின் ஓரமாக வரிசைகட்டி நிற்கும் பழைய அமெரிக்க கார்கள். ரோஸ் நிறத்தில் ஒரு செவர்லே, கிளிப்பச்சையில் ஒரு ஃபோர்டு, இரட்டை வண்ணத்தில் ஒரு பியூக். பின்பக்கம் மீன் துடுப்பு போல நீண்ட இறக்கை, முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் பம்பர். 2017-ல் வெளியான 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' எட்டாம் பாகத்தின் தொடக்க ரேஸ்கூட இந்த நகரத்துத் தெருக்களில் எடுக்கப்பட்டதுதான்.

அங்கிருந்து சென்ட்ரோ ஹவானா பகுதியின் சந்துகளுக்குள் நுழைந்தால் அதே கார்கள் வேறு கோலத்தில் நிற்கும். பானெட் திறந்திருக்கும். ஜாக்கிக்குப் பக்கத்தில் பாதுகாப்புக்கு ஒரு மரக்கட்டை. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் அந்த ரோஸ் நிற கார் ஓடுவது இந்தச் சந்தின் தயவில்தான்.

கதை தெரிந்ததுதான். 1959 ஜனவரியில் பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. 1960 அக்டோபரில் அமெரிக்கா ஏற்றுமதித் தடையைத் தொடங்கியது. 1962 பிப்ரவரியில் அது முழுத் தடையானது. புது கார் வருவது நின்றது, ஸ்பேர் பார்ட்ஸ் வருவதும் நின்றது. பின்னர் சோவியத் யூனியனிலிருந்து லாடா, மாஸ்க்விச், வோல்கா கார்கள் வந்தன. 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனதும் அந்த வழியும் அடைபட்டது. 2011 வரை கியூபாவில் சாதாரண மனிதர் சுதந்திரமாக வாங்கி விற்க முடிந்தது புரட்சிக்கு முந்தைய கார்களை மட்டும்தான். 2014-ல் அரசு ஷோரூம்களில் யார் வேண்டுமானாலும் கார் வாங்கலாம் என்று கதவு திறந்தது. ஒரு பெஜோ 508 காரின் விலை சுமார் 2,62,000 டாலர். அரசு ஊழியரின் சராசரி மாதச் சம்பளம் அப்போது 20 டாலர் அளவில் இருந்தது. கதவைத் திறந்ததும் மூடியதும் ஒன்றுதான்.

ஆகவே தாத்தாவின் காரையே பேரனும் ஓட்டுகிறார். பல வீடுகளில் குடும்பத்துக்குச் சோறு போடுவதும் அந்த கார்தான். இவற்றை உள்ளூர்க்காரர்கள் 'அல்மென்ட்ரோன்' என்கிறார்கள். 'பெரிய பாதாம் கொட்டை' என்று பொருள். ஷேர் ஆட்டோ போலக் குறிப்பிட்ட பாதையில் ஓடி, வழியில் ஆட்களை ஏற்றி இறக்கும் டாக்ஸிகள் அவை. கேபிட்டல் கட்டடத்துக்கு அருகே உள்ள ஃப்ரட்டெர்னிடாட் பூங்காவிலிருந்து நகரத்தின் எல்லாப் பக்கமும் கிளம்பும். வண்டி ஒரு நாள் நின்றால் வீட்டில் அன்றைய வருமானம் நின்றது. கம்பெனி மெக்கானிக் என்று யாரும் கிடையாது. உரிமையாளரே படுத்து, உருண்டு சரிசெய்ய வேண்டியதுதான்.

இந்த வேலையில் அவர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் காரின் வயது அல்ல. அதே காரை முன்பு யாரோ செய்த ரிப்பேர்தான். இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சின்ன வேலையைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். 1954-ஆம் ஆண்டு பிளிமத் கார் ஒன்று. முன்பக்க இடது சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறது. வீல் சிலிண்டருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் கப்பை மாற்ற வேண்டும். எல்லாம் கையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை.

முதல் நட்டிலேயே சிக்கல்

அந்தக் காலத்து பிளிமத், டாட்ஜ் கார்களில் இடது பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் மரை தலைகீழ். வண்டி ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று கம்பெனி செய்த ஏற்பாடு. தெரியாதவர் வழக்கம்போல இடமாகத் திருப்பினால் அது கழலாது, இன்னும் இறுகும். வரவில்லையே என்று ஸ்பானரில் குழாயைச் செருகி ஏறி மிதித்தால், போல்ட் முறிந்து கையோடு வரும்.

சரி, விஷயம் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். வலமாகத் திருப்புகிறார். அதுவும் அசையவில்லை! ஏனென்றால், இடையில் எப்போதோ யாரோ பழைய போல்ட் கிடைக்காமல் சாதாரண மரை வெட்டி வேறு போல்ட் போட்டிருக்கலாம். ஐந்தில் மூன்று ஒரு பக்கமும் இரண்டு மறுபக்கமும் திரும்பும் சக்கரம் இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

அடுத்து ஸ்பானர். அமெரிக்க கார் இஞ்சுக் கணக்கு. சோவியத் பாகங்கள் மில்லிமீட்டர் கணக்கு. முக்கால் இஞ்ச் நட்டுக்கு 19 மில்லிமீட்டர் ஸ்பானர் அழகாகப் பொருந்தும். முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லிமீட்டர். அந்த நம்பிக்கையில் அரை இஞ்ச் நட்டுக்கு 13-ஐப் போட்டால் வந்தது வினை. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். மிச்சம் இருப்பது 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. துருப்பிடித்த நட்டின் மூலைகளை வழித்து உருண்டையாக்க அது தாராளமாகப் போதும். பிறகு உளியும் சுத்தியலும்தான்.

துரு என்றதும் மலெகோனைச் சொல்ல வேண்டும். கடலையொட்டி சுமார் எட்டு கிலோமீட்டர் நீளும் சாலையும் தடுப்புச் சுவரும். மாலையில் காதலர்கள், தூண்டில் போடுபவர்கள், கிதார் வாசிப்பவர்கள் என்று சுவர் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். குளிர்காலத்தில் வடக்குக் காற்று வீசும்போது அலை சுவரைத் தாண்டி சாலையில் விழும். பார்க்க அற்புதம். கார்காரருக்கு அது உப்புக் குளியல். அந்த உப்பு போய் உட்காரும் இடங்களில் ஒன்று, பிரேக்கில் ஏர் எடுக்கும் குட்டி நிப்பிள். சுண்டு விரல் அளவுகூட இல்லாத அதைத் திருப்பினால் பாதி உடைந்து கையில் வரும். மீதி சிலிண்டருக்குள் தங்கிவிடும். இப்போது ரப்பர் கப் வேலை, லேத் பட்டறை வேலையாகிவிட்டது.

லேத் ஓட மின்சாரம் வேண்டும். 2024 அக்டோபரில் கியூபா முழுவதுமே இருட்டில் மூழ்கியது. மற்ற நாட்களிலும் மின்வெட்டு அன்றாடக் கதை. அதே ஆண்டு மார்ச்சில் ஒரு லிட்டர் பெட்ரோல் 25 பெசோவிலிருந்து 132 பெசோவாக ஏறியது. சக்கரம் இல்லாமல் கட்டையில் நிற்கும் கார், பட்டறையில் கரன்ட் வரும்வரை அப்படியே நிற்க வேண்டியதுதான்.

பிரேக் ஆயில் என்ற பெயரில்

கியூபாவில் தினமும் காதில் விழும் ஒரு சொல் 'ரெசொல்வேர்'. எப்படியாவது சமாளித்துவிடு என்று அர்த்தம். 1992-ல் ராணுவத்தின் பதிப்பகமே, மக்கள் கண்டுபிடித்த இப்படிப்பட்ட மாற்று வழிகளைத் தொகுத்து 'எங்கள் சொந்த முயற்சியால்' என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் போட்டது. இந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டாதவர் கிடையாது. பாராட்டும்போது பிரேக்கை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வைப்பது நல்லது.

நல்ல பிரேக் ஆயில் கிடைக்காத நாட்களில் ஷாம்பூ, சோப்பு, ஆல்கஹால் கலந்து ஊற்றிச் சமாளித்த கதைகள் ஹவானாவைப் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வரும். வண்டி நிற்கவும் செய்யும், அதுதான் ஆபத்தே. டாட் 3 வகை பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. தண்ணீர் கலந்த சோப்புக் கரைசல் 100 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, பத்து இடத்தில் நிறுத்திக் கிளம்பினால் டிரம் சூடேறும். உள்ளே நீராவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இதில் வயிற்றைக் கலக்கும் விஷயம் என்னவென்றால், சூடு ஆறியதும் பிரேக் மறுபடி ஒழுங்காகப் பிடிக்கும். வீட்டு வாசலில் சோதித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

அதற்குப் பதில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் இன்னொரு கூத்து. பிரேக்கில் இருக்கும் ரப்பர், மினரல் ஆயில் பட்டால் ஊறி உப்பும். முதல் நாள் ஒன்றும் நடக்காது. சில நாளில் கப் பெருத்து சிலிண்டருக்குள் இறுகி, பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். சக்கரம் புகையும். கசிந்தது ஒரு கப். இப்போது மாற்ற வேண்டியது எல்லாமே.

எல்லாம் என்றால் எத்தனை? இந்த பிளிமத்தில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீல் சிலிண்டர்கள், பின்சக்கரங்களுக்கு ஒவ்வொன்று. மொத்தம் ஆறு. ஆறுக்கும் ஆயில் போவது ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, ஒரே சுற்றில். எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இன்றைய கார்களில் இரண்டு தனிச் சுற்றுகள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும். போதாததற்கு இந்த மாஸ்டர் சிலிண்டர், ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க கால்மிதியை விலக்கி, மூடியைத் திறந்து குனிய வேண்டும். தினம் யார் குனிவார்கள்?

விவரம் தெரிந்த சிலர் லாடாவின் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் லாடா ஒரு டன்னுக்கும் குறைவான சின்ன கார். பிளிமத் சுமார் 1,400 கிலோ. சின்ன சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் ஆயில் குறைவு. ஆறு பெரிய சிலிண்டர்களை நிரப்ப அது போதாமல், இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிரேக் கெட்டிப்படும். அவசரத்தில் மூன்று தடவை மிதிக்க நேரம் எங்கே இருக்கிறது?

ஹேண்ட் பிரேக் எங்கே போனது?

ஹவானாவின் வெடாடோ பகுதியில் 23-ஆம் எண் தெரு கடலை நோக்கி இறங்கும். அந்தப் பகுதிக்கே 'லா ராம்பா', அதாவது சரிவு என்று பெயர். சினிமா தியேட்டர், ஓட்டல்கள், ஐஸ்க்ரீமுக்குப் பெயர்போன கொப்பேலியா எல்லாம் இந்தத் தெருவில்தான். சாயங்காலம் நடந்து இறங்க அருமையான இடம். ஆனால் இந்தச் சரிவில் பிரேக் ஏமாற்றினால் எதிரே இருப்பது வண்டிகள் பறக்கும் மலெகோன் சாலை. அதைத் தாண்டினால் சுவர். சுவருக்கு அப்பால் கடல்.

அப்போது கை தானாக ஹேண்ட் பிரேக்கைத் தேடும். 1954 பிளிமத்தில் அது பின்சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸின் பின்முனையில் தனி டிரம்மாக இருந்தது. 'இருந்தது' என்று சொல்லக் காரணம் உண்டு. பெட்ரோல் செலவு கட்டாமல் இந்த கார்களில் பலவற்றுக்கு டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டார்கள். டொயோட்டா, ஹூண்டாய், பெர்கின்ஸ், எது கிடைத்ததோ அது. எஞ்சினோடு கியர்பாக்ஸும் மாறும். பழைய கியர்பாக்ஸ் கழன்று போனபோது ஹேண்ட் பிரேக்கும் அதோடு சேர்ந்து போயிருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே கைப்பிடி மட்டும் அப்படியே இருக்கும். இழுத்தால் வரும். அதன் மறுமுனையில் ஒன்றும் இருக்காது.

காரை மூன்றாவது கையிடமிருந்து வாங்கியவருக்கு இது எப்படித் தெரியும்? ஒரு ரப்பர் கப்புக்காக வண்டிக்கு அடியில் படுத்த அன்று, எதேச்சையாக மேலே பார்க்கும்போதுதான் தெரியும். கசிவு ஏற்பட்டதே ஒரு விதத்தில் நல்லதாகிவிடும்.

கண்டுபிடித்தவர்கள் சும்மா இருப்பதில்லை. லாடாவின் பின் அச்சையே ஆராய்ந்து, கம்பி இழுத்து, நெம்புகோல் வெல்டிங் செய்து ஏதோ ஒரு ஹேண்ட் பிரேக்கை உண்டாக்குகிறார்கள். அதுவரை சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கீழே ஒரு கல். பல கார்களின் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கல் இருக்கும்.

வேலை முடிந்து பேட்டரியை மாட்டும்போதும் கவனம் வேண்டும். 1955 வரை வந்த ஃபோர்டு, பிளிமத் கார்கள் 6 வோல்ட். அவற்றில் பாடியோடு இணைவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. டீசல் எஞ்சினோடு வந்த 12 வோல்ட் ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ்தான் பாடியில் சேர வேண்டும். பழைய பழக்கத்தில் மாட்டினால் ஒரு சின்ன 'பட்' சத்தம், கொஞ்சம் புகை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் வேலை தயார்.

ஹவானா போகிறவர்கள் இந்த கார்களில் ஏறாமல் இருக்க முடியாது, ஏறவும் வேண்டும். காற்று முகத்தில் அடிக்க மலெகோனில் ஒரு சுற்று சுற்றுவது தனி அனுபவம்தான். சுற்றுலாவுக்கென ஓடும் பளபள கார்கள் பொதுவாக நன்றாகவே பராமரிக்கப்படுகின்றன. உரிமையாளரிடம் வண்டியின் எஞ்சின் எது என்று கேட்டுப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, எந்தப் பாகம் எந்த நாட்டுக்காரன் என்று வரிசையாகக் காட்டுவார். அப்பா மாற்றியது எது, தான் மாற்றியது எது என்றும் சொல்வார்.

இறங்கும்போது கதவை மட்டும் ஓங்கி அடைக்கக் கூடாது. எழுபது வருஷத்து இரும்பு, கனமாகத்தான் இருக்கும். பலம் கொடுத்துத் தள்ளத் தோன்றும். ஓட்டுநர் பதறிப்போய் 'சுவாவே, சுவாவே' என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அந்தக் கதவின் பூட்டு உடைந்தால் வேறு பூட்டு கிடையாது.