லேப்டாப்புக்குள்ள ஒரு கடைமடை

மெக்கானிக்கல் படிச்சுட்டு கோயமுத்தூர்ல பொட்டி தட்டுற எத்தனையோ பேர்ல நானும் ஒருத்தன். படிச்சதுல இன்னும் மனசுல ஒட்டிக்கிட்டு இருக்கிற மேட்டர் ஒண்ணு உண்டு. ஹீட் பைப்!

லேப்டாப்பைக் கழட்டிப் பார்த்தா, பிராசசர் மேல இருந்து ஃபேன் பக்கம் போற தட்டையான செம்புக் குழாய் தெரியும். உள்ளே காத்தை எடுத்துட்டு, துளியூண்டு தண்ணி விட்டு அடைச்சிருப்பாங்க. பல குழாய்கள்ல உள்சுவர் பூரா மெல்லிசா காடி போட்டிருக்கும். சூடான முனையில தண்ணி ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, மறுபடி தண்ணியாகும். அந்தத் தண்ணி காடி வழியா மெல்லிய படலமா சூட்டுக்கே திரும்பி வரணும். 1963-ல அமெரிக்காவோட லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துல ஜார்ஜ் குரோவர் செஞ்சு காட்டின சங்கதி இது. நம்ம இஸ்ரோ செயற்கைக்கோள்கள்லயும் இருக்கு: அலுமினியக் குழாய், நீளவாக்குல காடி, தண்ணிக்குப் பதில் அமோனியா.

சரி, மோட்டார் இல்லாம யாருங்க தண்ணிய இழுக்கறது?

எங்க அப்புச்சிக்குக் கீழ்பவானி வாய்க்கால் கடைமடையில பூமி. அவர்கிட்டச் சொன்னேன், "இந்த வாய்க்கால்ல கடைமடைதானுங்க அப்புச்சி தண்ணிய இழுக்கும்."

விஷயம் இதுதான். சூட்டுல ஆவியாக ஆக, காடிக்குள்ள தண்ணியோட மேல்பரப்பு குழிவா உள்வாங்கும். குழிவு கூடினா அங்க தண்ணியோட அழுத்தம் குறையும். உடனே பின்னாடி இருக்கிற தண்ணி ஓடி வரும். தாகம் எவ்வளவோ, இழுப்பும் அவ்வளவு.

அப்புச்சி ஒரே கேள்விதான் கேட்டார். "தாகம் எச்சா போயிட்டா கண்ணு?"

அசந்துட்டேன். ஆராய்ச்சிக்காரங்க மண்டையைப் போட்டு உடைச்சுக்கிற கேள்வியே அதுதான்! குழிவோட ஆரம் காடி அகலத்துல பாதிக்குக் கீழ குறையாது. சூடு அதைத் தாண்டிக் கேட்டா படலம் அறுந்து, காடி காஞ்சு, சூடு எகிறிடும். காடியை இன்னும் குறுக்கினா இழுப்பு கூடும்; ஆனா உராய்வும் கூடி ஓட்டம் குறையும். எல்லாமே ஒரு அளவுதான்.

கீழ்பவானி 200 கிலோமீட்டர். அங்கே கடைமடை எவ்வளவு காஞ்சாலும் தண்ணிய இழுக்க முடியாது, தலைமடை விட்டாத்தான் உண்டு. அதனாலதான் 2,07,000 ஏக்கரை ரெண்டாப் பிரிச்சு முறை வெச்சுத் தண்ணி விடறாங்க. குழாய்க்குள்ள பரப்பு இழுவிசை சும்மா செஞ்சு தர்ற நியாயத்தை, வாய்க்கால்ல மனுசங்கதான் பேசி முடிவு பண்ணியாகணும்.