சன்னத் தகடும் சிறு நெருப்பும்

உத்தரபாராவில் 2014-ஆம் வருஷம் அம்பாஸடர் காரின் உற்பத்தி நின்றுபோன பின்னும், தகப்பனார் ஓட்டிய வண்டியை விற்க மனம் வராமல் வைத்துக்கொண்டிருப்பவர்களில் என் நண்பர் ஒருவர். வண்டியின் அடித்தகட்டிலும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டிலும் துரு ஏறிவிட்டது. தனிச் சட்டத்தின்மேல் கூண்டை வைத்துப் பூட்டிய வண்டியன்று அது. பாரம் முழுவதையும் கூண்டே தாங்குவதால், அந்த இடத்துத் துருவினால் அழகோடு பலமும் கெடுகிறது. வீட்டிலேயே ஒரு மிக் வெல்டிங் யந்திரத்தை வாங்கி வைத்து, ஓய்வு வேளைகளில் சிறுகச் சிறுகப் பழுது பார்ப்பது என்று நண்பர் சங்கற்பம் செய்துகொண்டார். எந்த யந்திரம், எந்த வாயு என்ற கேள்விக்குக் கடைக்காரர்கள் சொன்ன விடைகளில் திருப்தி ஏற்படாமல், சென்னைப் புதுப்பேட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் என்னையும் அழைத்துப் போனார்.

பழைய உதிரி பாகங்களுக்குப் பேர்போன அந்தத் தெருக்களில், கழற்றிய கதவுகளும் பம்பர்களும் அடுக்கியிருக்கும் கடைகளைத் தாண்டி உள்ளே போனால், நாங்கள் பாய் என்று அழைத்த அந்தப் பெரியவரின் பட்டறை. சிறு பிராயத்தில் ஓர் உஸ்தாதிடம் சேர்ந்தவர். முதல் வருஷங்களில் ஒடுங்கிய தகட்டின் பின்புறம் டாலி என்னும் தாங்கு இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதொன்றே அவருக்கு வேலை. உஸ்தாதின் சுத்தியல் விழும் இடத்துக்கு நேரே டாலி இருக்கிறதா, ஒரு விரற்கடை விலகியிருக்கிறதா என்பதைச் சத்தத்தைக் கொண்டே தெரிந்துகொள்ளும் ஞானம் அப்பொழுது வந்தது என்றார். பிறகு வந்தது கேஸ் வெல்டிங். ஆக்ஸிஜனும் அசிட்டிலீனும் சேர்ந்து எரியும் ஜுவாலையில் வைத்த ஒட்டு மிருதுவாக இருக்கும். சுத்தியலுக்குப் பணிந்து, தகட்டோடு தகடாகிவிடும். யந்திரத்தின் ஒட்டோ கடினமானது. அதை அரைத்துத்தான் சமன் செய்ய வேண்டும். ஆனால் ஜுவாலையின் உஷ்ணம் விசாலமாகப் பரவித் தகட்டை நெளித்துவிடும் என்பதும் வாஸ்தவமே. ஆகையால் அவசர வேலைகளெல்லாம் யந்திரத்துக்குப் போய்விட்டன.

“எவ்வளவு ஆம்பியர் மிஷின் வாங்கலாம், பாய்?” என்று நண்பர் கேட்டார்.

“எவ்ளோ ஏத்தலாம்னு பார்க்காதீங்க சார். எவ்ளோ இறக்கலாம்னு பாருங்க” என்றார் பாய்.

யந்திரம் வாங்குவோர் அனைவரும் கேட்கவேண்டிய வாக்கியம் இது என்பது என் அபிப்பிராயம். 200 ஆம்பியர், 250 ஆம்பியர் என்று பெரிய எண்ணைக் காட்டியே கடைகளில் விற்கிறார்கள். இந்தக் காலத்துக் கார்களின் வெளித்தகடு பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் கனம்; பழைய வண்டிகளில் சற்றுக் கூடுதல். 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு ஏறக்குறைய 40 ஆம்பியரே போதும். ஆகவே 30 ஆம்பியரில் பொறி சிதறாமலும் அணையாமலும் நிதானமாக எரிகிறதா என்பதே பரீட்சை. அந்தக் கீழெல்லையில் திணறும் யந்திரம், மேலெல்லை எவ்வளவு உயர்ந்திருந்தாலும், சன்னத் தகட்டில் ஓட்டையைத்தான் போடும். வோல்டேஜையும் கம்பி வரும் வேகத்தையும் தனித்தனியே திருப்பிக்கொள்ள வசதி வேண்டும். கம்பி 0.6 மில்லிமீட்டராக இருந்தால் உத்தமம். கடையில் முதலில் எடுத்துத் தருவது 0.8-தான், ஆதலால் கேட்டு வாங்க வேண்டும், அதற்கேற்ற பள்ளமுள்ள உருளையும் வேண்டும்.

வாயு விஷயத்தில் பாய் இன்னும் கண்டிப்பானவர். 1948-இல் அமெரிக்காவின் பாட்டெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த மிக் முறை உருவானபோது அலுமினியத்துக்காக மந்த வாயுவையே உபயோகித்தார்கள். சில வருஷங்களில் மலிவான கரியமில வாயு உருக்கு வேலைக்கு வந்து சேர்ந்தது. நம் பட்டறைகளில் அதனால்தான் இதற்கு சிஓடூ வெல்டிங் என்றே பெயர். தனிக் கரியமில வாயு உருக்கிலே ஆழமாக இறங்கும். பொறியும் அதிகம் தெறிக்கும். சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது வாயுவாகும்பொழுது குளிர்ந்து ரெகுலேட்டர் உறைந்துபோகாமலிருக்க ஹீட்டர் மாட்ட வேண்டும். ஆர்கான் 80 பங்கும் கரியமில வாயு 20 பங்கும் கலந்தது விலை அதிகம். ஆனால் பொறி சாந்தமாக எரிந்து, தகட்டைத் துளைக்காமல் பற்ற வைக்கும். வீட்டில் பழகுகிறவருக்கு இதுவே தக்கது. தனி ஆர்கான் உருக்குக்கு உதவாது. வாயுவே வேண்டாத, மருந்து அடைத்த கம்பி கேட்டு கிராதிகளுக்குச் சரி. சன்னத் தகட்டுக்கு உஷ்ணம் மிகுதி. நிமிஷத்துக்கு 8 முதல் 12 லிட்டர் வாயு போதும்; மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும், காற்றடித்தால் காவல் கலைந்துவிடும்.

பிறகு ஒரு மட்கார்டில் செய்து காட்டினார். தையற்காரர் ஓட்டுத் தையல் போடுவதுபோல, இங்கொரு புள்ளி, எதிர்முனையில் ஒரு புள்ளி, பின்பு நடுவில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இடையே புறங்கையைத் தகட்டருகே கொண்டுபோய்ச் சூட்டை அளந்தார். தகடு ஆறும்வரை அடுத்த புள்ளியில்லை. அந்தக் காத்திருத்தலே தொழில்.

இத்தகைய கைக்குக் கிடைப்பது என்ன? விபத்து வண்டியைக் கொண்டுவந்துவிடும் தரகருக்குக் கமிஷன். சிலிண்டர் வியாபாரிக்கு டெபாசிட், வாடகை. கரியமில வாயு சிலிண்டரின் முள், திரவம் தீரும்வரை ஒரே இடத்தில் நிற்குமாதலால், எடை போட்டுப் பார்க்காதவன் குறைந்த சரக்குக்கு முழு விலை கொடுக்கிறான். பெரிய சர்வீஸ் நிலையங்களிலோ நிமிர்த்திவிடக்கூடிய கதவையும் கழற்றி எறிந்து புதிது மாட்டுகிறார்கள். புதிய கதவுக்கு பில் எழுதலாம், உஸ்தாதின் காதுக்கு எழுத முடியாது. பட்டறைப் பையன்களின் கண்ணுக்குத் தக்க முகமூடி வாங்கித் தரும் செலவைக்கூட இந்தச் சங்கிலியில் ஒருவரும் தம்முடையதென்று ஏற்பதில்லை. வெறும் கருப்புக் கண்ணாடியோடு ஒரு சிறுவன் அந்த ஒளியைப் பார்ப்பதைக் கண்டு என் மனம் கொதித்தது. இது தொழிலின் தலைவிதி அன்று; மனிதர் செய்யும் அநியாயம்.

நண்பருக்கு பாய் சொல்லியனுப்பியவை: வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுவது, துத்தநாகம் பூசிய தகடானால் பூச்சை அரைத்தெடுப்பது, அதன் புகையை முகராதிருப்பது, ஷெட்டின் கதவைத் திறந்தே வைப்பது. முகமூடி நண்பருக்கு ஒன்றும் பட்டறைப் பையனுக்கு ஒன்றுமாக இரண்டு வாங்குவது என்று அங்கேயே தீர்மானித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுக்கவும், முழுநாள் கூலியைத் தரகர் எவருமின்றி அவர் கையிலேயே கொடுக்கவும் பேசி முடித்தோம். அடித்தகட்டைத் தொடுமுன் பழைய கதவொன்றில் நண்பர் பழக வேண்டும் என்பது பாய் விதித்த ஒரே நிபந்தனை. அந்தக் கதவையும் எதிர்க் கடையில் அவரே பேரம் பேசி வாங்கித் தந்தார்.