மலையடிவார ஊரும் கடல் தாண்டும் குரலும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் தெற்கு நோக்கிப் பயணம் செய்வோர், கணியம்பாடியைக் கடந்த சிறிது நேரத்தில் ஜவ்வாது மலைத்தொடர் நீல நிறமாய் எழுந்து நிற்பதைக் காண்பர். அம்மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள பேரூராட்சியே கண்ணமங்கலம். மழை பெய்தாலன்றி மணலாகவே கிடக்கும் நாகநதி இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. காட்பாடி - விழுப்புரம் இருப்புப் பாதையில் இவ்வூருக்கென ஒரு நிலையமும் உண்டு. ஒரு பக்கம் அமிர்தி வனத்துக்கும், மறுபக்கம் படவேட்டுக்கும், கிழக்கே பட்டு நெய்யும் ஆரணிக்கும் செல்வோர் இங்கே பேருந்து மாறுவதைக் காணலாம். மலையில் விளையும் சாமையும் புளியும் தேனும் அடிவாரச் சந்தைகளுக்கு இறங்கி வருகின்றன.

இம்மலையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நமக்கு ஒரு வியப்புத் தோன்றும். இதன் மேற்குப் பகுதியிலுள்ள காவலூரில், 1986-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் 2.3 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரும் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயரைத் தாங்கும் அந்நிலையம், கோடானுகோடி மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் ஒளியைப் பிடித்துக் காட்டுகிறது. ஆனால் அதே மலையின் சில வளைவுகளில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாலும் அலை கிடைப்பதில்லை. பக்கத்து ஊரிலுள்ள உறவினரோடு பேசுவதற்குப் பாறை மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. தொலைவு என்பது மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஊரை விட்டுச் சென்றவர்கள்

இந்த அடிவாரப் பகுதி பிழைப்புக்காக மக்களைத் தொலைதூரம் அனுப்பிப் பழகிய பகுதி. கண்ணமங்கலத்துக்கு வடக்கேயுள்ள கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு இராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்று பெயர் பெற்றது. படைவீரர்கள் எல்லைக்குச் சென்றார்கள். அவர்களுக்குப் பின் வந்த தலைமுறையினர் துபாய்க்கும் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்றார்கள். வேலூரில் செவிலியர் பயிற்சி பெற்ற நம் பெண்மக்கள் பலர் அயல்நாட்டு மருத்துவமனைகளில் பணிபுரிகிறார்கள். இப்பொழுதோ மற்றொரு கூட்டமும் புறப்பட்டுள்ளது. ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு எருசலேமையும் உரோமையையும் லூர்து நகரையும் ஒரு முறையேனும் தரிசித்துவிட வேண்டும் என்று புறப்படும் முதிய யாத்திரிகர்களே அக்கூட்டத்தினர்.

முற்காலத்தில் சென்றவர் கடிதம் எழுதினார். வீட்டார் தபால்காரரின் வருகைக்காகத் திண்ணையில் காத்திருந்தனர். அவசரமெனில் தந்தி வரும். அதைப் பிரிக்கும் முன்னரே வீட்டில் அழுகை எழும். அந்தத் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு சூலை மாதத்தோடு முடிவுற்றது. பின்னர் டிரங்கால் பதிவு செய்து மணிக்கணக்கில் காத்திருந்த காலமும், மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்தில் கட்டணக் கருவியின் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே பேசிய காலமும் வந்து போயின. இந்தியாவில் முதல் கைப்பேசி உரையாடல் 1995-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் கல்கத்தாவுக்கும் தில்லிக்குமிடையே நிகழ்ந்தது. இன்று நம் நாட்டில் கைப்பேசிக் கட்டணம் உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருக்கிறது. அதனாலேயே ஓர் ஆபத்தும் விளைந்துள்ளது. உள்ளூரில் மலிவாக இருக்கும் அதே கருவி, நாட்டின் எல்லையைத் தாண்டிய கணமே வேறொரு கணக்கில் செலவு வைக்கும் என்பதை நம் மக்கள் அறிந்திருப்பதில்லை.

ஒரு தாயின் காத்திருப்பு

கண்ணமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நாம் அறிந்த கைம்பெண் ஒருவர் இருந்தார். அவருடைய ஒரே மகன் ஓட்டுநர் வேலைக்காக வளைகுடா நாடு ஒன்றுக்குச் சென்றான். சென்று சேர்ந்த அன்றே உறவினர் ஒவ்வொருவராக அழைத்து நலம் விசாரித்தார்கள். தன்னை அழைப்பவர்களுக்குத்தானே செலவு என்று எண்ணி அவனும் மகிழ்ச்சியோடு பேசினான். இரண்டே நாளில் கையிருப்பு முழுவதும் தீர்ந்துபோனது. அயல்நாட்டில் இருக்கும்போது வரும் அழைப்புக்கும் நாமே பணம் கட்ட வேண்டும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அஞ்சிப்போன அவன் சிம் கார்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, முதல் சம்பளம் வந்ததும் அந்நாட்டு எண் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

அந்த இடைவெளியில்தான் தாய் நோயுற்று வேலூரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அண்டை வீட்டார் மகனுடைய எண்ணை ஓயாமல் அழைத்தனர். இணைப்பில் இல்லை என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அவன் தங்கியிருந்த இடத்தின் முகவரியோ உடன் வேலை செய்வோரின் எண்ணோ வீட்டில் எவரிடமும் இல்லை. ஐந்தாம் நாள் அந்தத் தாய், மகனுடைய குரலைக் கேட்காமலே கண் மூடினார். அடக்கம் முடிந்த பின்னரே, சுற்றி வளைத்து, அவனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அவனுக்குத் தாய்மேல் அன்பில்லை என்று யார் சொல்ல முடியும்? குறைந்தது அன்பன்று, சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள ஓர் அறிவு மட்டுமே. அந்த அறிவை நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமையென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

கட்டணம் ஏன் உயர்கிறது?

அயல்நாட்டில் இறங்கியதும் நம் கைப்பேசி அங்குள்ள ஒரு நிறுவனத்தின் கோபுரத்தைத் தேடிச் சென்று இணைகிறது. அந்நிறுவனம், இவர் உங்கள் வாடிக்கையாளர்தாமா என்று நம் நாட்டு நிறுவனத்தைக் கேட்டறிந்து, விருந்தினருக்கு இடம் கொடுப்பதுபோல் நமக்கு வழிவிடுகிறது. பின்பு அந்த விருந்துக்குரிய செலவை நம் நிறுவனத்திடம் பெறுகிறது; நம் நிறுவனம் தன் பங்கையும் சேர்த்து நம்மிடம் பெறுகிறது. இதற்கே ரோமிங் என்று பெயர்.

உண்மையான செலவு அவ்வளவு பெரிதா என்றால், இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் முதல், தன் உறுப்பு நாடுகளுக்குள் பயணம் செய்யும் ஐரோப்பிய வாடிக்கையாளரிடம் ரோமிங்குக்கென மிகைக் கட்டணம் வாங்கலாகாது என்று விதித்தது. நிறுவனங்கள் தமக்குள் கொடுத்து வாங்கும் மொத்தக் கட்டணத்துக்கும் உச்ச வரம்பு கட்டியது. 2025-ஆம் ஆண்டுக்கு அது ஒரு ஜி.பி.க்கு 1.30 யூரோ மட்டுமே. எனினும் இச்சலுகை ஐரோப்பிய சிம் வைத்திருப்போருக்கே உரியது. நம் ஊர் சிம்முக்கு இது பொருந்தாது. சுவிட்சர்லாந்தும் இவ்வேற்பாட்டில் சேர்ந்ததன்று. ஆகவே உரோமையிலிருந்து லூர்து, பாத்திமா என்று செல்லும் யாத்திரிகர் இத்தாலியில் வாங்கிய சிம்மையே பிரான்சிலும் போர்ச்சுக்கலிலும் பயன்படுத்தலாம். வழியில் சுவிட்சர்லாந்துக்குள் நுழையும்போது மட்டும் விழிப்பாயிருக்க வேண்டும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, கைப்பேசியின் அமைப்புகளில் டேட்டா ரோமிங் என்பதை அணைத்து வைக்க வேண்டும். நாம் உறங்கும்போதும் கைப்பேசி உறங்குவதில்லை. படங்களைச் சேமிப்பதும் செயலிகளைப் புதுப்பிப்பதுமாகத் தானே இணையத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கும். முன்பணம் கட்டிய இணைப்பில் கையிருப்பு தீர்வதோடு நின்றுவிடும். மாதக் கடைசியில் பணம் கட்டும் இணைப்பிலோ ஊர் திரும்பிய பிறகே இடி விழும்.

இரண்டாவது, செல்லும் நாட்களுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நான்கைந்து நாள் பயணமாயின், நம் நிறுவனமே விற்கும் அயல்நாட்டுப் பொதியைப் புறப்படுமுன் ரீசார்ஜ் செய்வது எளிது. ஒரு நாட்டில் பல வாரம் தங்குவோருக்கு அந்நாட்டு சிம்மே மலிவு. அதற்குக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும். விமான நிலையக் கடையைவிட நகரத்துக் கடையில் விலை குறைவாயிருப்பது வழக்கம். ஒரே பயணத்தில் பல நாடுகளைக் காண்போருக்கு, அட்டையின்றிக் கைப்பேசிக்குள்ளேயே பதியும் இ-சிம் உதவும். ஆனால் எல்லாக் கைப்பேசிகளும் அதனை ஏற்பதில்லை. அவற்றுள் பல இணையத்துக்கு மட்டுமே பயன்படும், சாதாரண அழைப்புக்குப் பயன்படா.

திருநாட்டு யாத்திரை செல்வோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். யோர்தான், இசுரயேல், எகிப்து என்று பத்து நாளில் மூன்று நாடுகளைக் கடக்கும்படியே பல குழுக்கள் செல்கின்றன. வாங்கும் பொதியில் மூன்றின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெத்லகேம் பாலத்தீனப் பகுதியில் உள்ளது. மேற்குக் கரையிலுள்ள பாலத்தீன நிறுவனங்கள் 3ஜி சேவையையே 2018-ஆம் ஆண்டு சனவரியில்தான் தொடங்க முடிந்தது. ஆகவே அங்கே இணையம் மெதுவாயிருந்தால் பதற்றமடைய வேண்டுவதில்லை.

மூன்றாவது, விமானத்திலும் கப்பலிலும் விமான நிலைமை எனப்படும் அமைப்பை இட்டு வைக்க வேண்டும். அங்குக் கிடைக்கும் அலை செயற்கைக்கோள் வழியாக வருவது. அதற்குத் தனிக் கட்டணம். பொதுவான பொதியில் அது பெரும்பாலும் சேராது.

நான்காவது, ஊர் எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டும். வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே வரும். 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடுமின்றிக் கிடக்கும் இணைப்பு நீக்கப்படக்கூடும். பின்பு அதே எண் வேறொருவர் கைக்குப் போய்விடும். புறப்படுமுன் போதிய செல்லுபடிக் காலத்துக்கு ரீசார்ஜ் செய்து வைப்பது நன்று.

ஐந்தாவது, ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகச் செய்தியும் குரல் பதிவும் அனுப்பலாமே தவிர, நேரடியாகப் பேசவோ முகம் பார்க்கவோ இயலாது. அரசின் அனுமதி பெற்ற சில செயலிகள் வழியாகவே பேச முடியும். மகன் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று இங்கே தாய் கலங்குவதும், மருமகள் மனம் நோவதும் இதனை அறியாமையாலேயே.

வீட்டிலிருப்போருக்கும் ஒரு சொல். அயல்நாடு சென்றவருடைய தங்குமிட முகவரி, வேலை கொடுப்பவரின் எண், உடனிருக்கும் ஒருவரின் எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். கைப்பேசி பழுதானாலும் சுவர் பழுதாகாது. பேசும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கண்ணமங்கலத்தில் இரவு 9 மணியாகும்போது துபாயில் 7.30 மணி; சிங்கப்பூரிலோ 11.30 மணி ஆகி ஊர் உறங்கியிருக்கும். அறியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு முறை மணி அடித்து நின்றுவிட்டால், பிள்ளைதான் அழைத்தானோ என்று திரும்ப அழைத்துவிடாதீர்கள். நம் பாசத்தையே மூலதனமாகக் கொண்டு பணம் பறிக்கும் வஞ்சகம் அது.

குரலும் அமைதியும்

செய்தி சுமந்து செல்லும் பணியைத் திருச்சபை என்றும் உயர்வாகவே மதித்து வந்துள்ளது. புனித சின்னப்பரின் நிருபங்களைச் சீடர்கள் கால்நடையாகவும் கப்பலேறியும் சுமந்து சென்றனர். 1931-ஆம் ஆண்டில் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் மார்க்கோனியைக் கொண்டே வத்திக்கான் வானொலியை நிறுவினார். மரியன்னைக்கு மங்களவார்த்தை சொன்ன அதிதூதரான புனித கபிரியேலை 1951-ஆம் ஆண்டில் 12-ஆம் பத்திநாதர் தொலைத்தொடர்புக்குப் பாதுகாவலராக அறிவித்தார். ஆறாம் சின்னப்பர் காலத்தில், 1967-ஆம் ஆண்டு முதல், உலகச் சமூகத் தொடர்பு நாளும் கொண்டாடப்படுகிறது.

கபிரியேல் தூதர் வேண்டிய செய்தியை வேண்டிய அளவே சொல்லி விடைபெற்றார் என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும். கல்வாரி ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும் நேரத்தில் படம் எடுத்து அனுப்புவதிலேயே மனத்தைச் செலுத்தினால், அத்தனை செலவு செய்து அங்கே சென்றதன் பயன் என்ன? பகலெல்லாம் கைப்பேசி பைக்குள் உறங்கட்டும். இரவு விடுதிக்குத் திரும்பியதும், அங்குள்ள வைஃபை வழியாக வீட்டாரோடு பத்து நிமிடம் பேசினால் போதும். செலவும் மிச்சம், செபமும் சிதறாது.

நம் பங்குகளிலுள்ள இளைஞர் மன்றத்தாருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். அயல்நாடு செல்லும் முதியவர் ஒருவரோ, முதன்முறை வேலைக்குச் செல்லும் இளைஞர் ஒருவரோ உங்கள் பங்கில் இருப்பாராயின், ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரை மணி நேரம் அவரோடு அமர்ந்து இவற்றைச் செய்து கொடுங்கள். எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். இது சிறு உதவியாகத் தோன்றலாம். ஆனால் ஏதோ ஒரு மலையடிவாரச் சிற்றூரில், ஏதோ ஒரு தாய், கண் மூடுமுன் தன் மகனுடைய குரலைக் கேட்பதற்கு அதுவே காரணமாய் அமையலாம். பிரிந்திருக்கும் நம் குடும்பங்களை இறைவன் ஒன்றாகக் காத்தருள்வாராக!