பத்து லட்சம் பாலிசிக்கு வங்கி போடும் மதிப்பு

சிதம்பரம்

அன்புள்ள தம்பிக்கு,

கேஷ் கிரெடிட் கடன் வரம்பைக் கூட்டித் தர வங்கி கூடுதல் ஈடு கேட்கிறது, எல்.ஐ.சி. பாலிசியைக் கொடுத்துவிடலாம், 10 லட்சம் இருக்கிறதே என்று எழுதியிருந்தாய். கடன் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், வங்கிக்கு அது 10 லட்சம் இல்லை.

அந்தத் தொகை நீ இல்லாமல் போனால் வரும். இல்லையென்றால் முதிர்வு வரை கட்டி முடித்தால் வரும். இன்றைக்கே பாலிசியை ஒப்படைத்தால் என்ன கிடைக்குமோ, அந்தச் சரண்டர் மதிப்புதான் வங்கிக்குக் கணக்கு. அதிலும் ஒரு பங்கை மார்ஜினாகக் கழிப்பார்கள். உன்னுடையது மாதிரி எண்டோவ்மென்ட் பாலிசியில் நான்காம் ஆண்டிலிருந்து ஏழாம் ஆண்டு வரை உறுதியாகக் கிடைப்பது கட்டிய பிரீமியத்தில் பாதி. ஆண்டுக்கு 50,000 வீதம் ஐந்து ஆண்டு கட்டியிருந்தால் 1.25 லட்சம். சிறப்பு சரண்டர் மதிப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், எல்.ஐ.சி. கிளையில் எழுதி வாங்கிக்கொள்.

நம் ஊர் வங்கிகள் மட்டும் இப்படிப் பார்ப்பதாக நினைக்காதே. அமெரிக்காவில் வங்கிகளே தங்கள் அதிகாரிகளின் உயிர்மீது பாலிசி எடுத்து முதலீடாக வைத்திருக்கின்றன. அவையும் சரண்டர் மதிப்பைத்தான் 'இதர சொத்துகள்' என்ற தலைப்பில் எழுதுகின்றன. ஆண்டுதோறும் அது கூடுகிற அளவு வருமானம். காப்புத்தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஆள் இறக்கும்வரை அது புத்தகத்தில் ஏறாது. மூலதனத்தில் 25 சதவீதத்தைத் தாண்டி இப்படி முடக்குவதானால் இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று 2004-லேயே கண்காணிப்பு அமைப்புகள் சொல்லிவிட்டன. அங்கே ஊழியருக்கே தெரியாமல் அவர் உயிர்மீது நிறுவனங்கள் பாலிசி எடுத்ததும் நடந்திருக்கிறது. 2006-ல் வந்த சட்டம், எழுத்தில் தெரிவித்துச் சம்மதம் வாங்காவிட்டால் ஊழியர் இறந்தால் வரும் பணத்துக்கு வரிச்சலுகை கிடையாது என்றது. ஒருவன் உயிரின் விலை யார் கைக்குப் போகிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் சரியாகவே செய்தது.

உன்னிடமும் அதைத்தான் கேட்கிறேன், உன் பாலிசிப் பணம் யார் கைக்குப் போகும்? பாலிசி உரிமையை வங்கிக்கு மாற்றி அசைன்மென்ட் எழுதிக் கொடுத்தாலும் நாமினியாக உன் மனைவி பெயர் இருக்கும். ஆனால் வங்கி தன் பாக்கியை எடுத்துக்கொண்ட மீதிதான் அவள் கைக்கு வரும். சிப்காட் தொழிற்பேட்டையில் கொதிகலனுக்கும் ரசாயனத் தொட்டிக்கும் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன் நீ. 2025 மே மாதம் பக்கத்திலுள்ள குடிகாட்டில் கழிவுநீர்த் தொட்டி வெடித்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நீயே பார்த்தாய். 1.25 லட்சம் ஈட்டுக்காக வீட்டின் 10 லட்சத்தை வங்கிக்குப் பின்னால் நிறுத்தாதே.

இயந்திரத்தையோ சரக்கையோ ஈடாகக் காட்டு. குடும்பத்துக்கென்று தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடு. விண்ணப்பத்திலேயே 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் என்று குறிப்பிடச் சொல். மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளையாக அது நிற்கும். உன் தொழில் கடன்காரர்கள் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே எழுத வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. வங்கியில் கையெழுத்துப் போடுமுன் இதை முடித்துவிடு.

அன்புடன்,
அக்கா